காவல் மிகுந்த செல்

புற்றுநோய்க்குக் காரணமான புரதங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியைத்தான் உவமையாகக் காட்டுவார்கள். ஒருவகைப் புரதம் ஆக்ஸிலரேட்டர். மரபணுப் பிழையால் அது அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் செல் நிற்காமல் பெருகும். இன்னொருவகை பிரேக், அது அறுந்தாலும் விளைவு அதேதான். கே-ராஸ், மிக் இரண்டும் முதல் வகை. ஆர்பி, பி53 இரண்டாம் வகை. உவமை தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் அது வேகத்தை மட்டுமே பேசுகிறது. கட்டி எவ்வளவு விரைவாக வளர்கிறது, எதைக் கொடுத்தால் நிற்கும் என்ற இரண்டு கேள்விகளுக்குள் நோய் முழுவதையும் அடக்கப் பார்க்கிறது. மேட்2 என்ற சிறிய புரதம் இந்த உவமைக்குள் அடங்க மறுக்கிறது. 205 அமினோ அமிலங்களே கொண்ட அந்தப் புரதம் செல் பிரிவதைத் தூண்டுவதில்லை, தாமதப்படுத்துகிறது. அப்படியானால் அது பிரேக். பிரேக் கூடுதலாக இருக்கும் வண்டி மெதுவாகத்தானே போக வேண்டும்? ஆனால் எலிகளின் உடலில் மேட்2 அளவுக்கு மீறிச் சுரந்தபோது கட்டிகள் முளைத்தன. மேட்2 போன்ற ஒரு புரதம் செய்யும் கெடுதலைக் கட்டி வளரும் வேகத்தைக் கொண்டு அளந்தால் ஏமாந்துபோவோம். அது குரோமோசோம் கணக்கில் உண்டாக்கும் குழப்பத்தையும், அந்தக் குழப்பம் பின்னாளில் கட்டிக்குத் திறந்துவிடும் வழிகளையும் கொண்டுதான் அளக்க வேண்டும்.

மனித செல்லில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. இந்த எண்ணிக்கையே 1956இல்தான் உறுதியாயிற்று. செல் இரண்டாகப் பிரியுமுன் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது. அசலும் நகலும் கொஹீசின் என்னும் புரத வளையத்தால் கட்டுண்டு ஜோடியாகக் கிடக்கும். பிரியும் நேரம் வந்ததும் செல்லின் இரு முனைகளிலிருந்தும் நுண்குழல் இழைகள் நீண்டு வந்து, ஒவ்வொன்றிலும் அமைந்திருக்கும் கைனட்டோகோர் என்ற பிடியைத் தேடிப் பற்றுகின்றன. ஜோடியில் ஒன்றை ஒரு முனையும் மற்றதை எதிர்முனையும் பிடித்துக்கொண்ட பிறகே வளையம் வெட்டப்பட வேண்டும். இழைகளுக்குக் கண் கிடையாது. நீண்டும் சுருங்கியும் துழாவித்தான் பிடிக்கின்றன. அதனால் 46 ஜோடிகளும் ஒரே நொடியில் பிடிபடுவதில்லை. கடைசி ஜோடி அகப்படும்வரை எல்லாரையும் காக்கவைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். இழை பிடிக்காத கைனட்டோகோரில் போய் ஒட்டும் மேட்2 அங்கே உருமாறி, சிடிசி20 என்ற புரதத்தைக் கவ்விக்கொள்கிறது. பப்-ஆர்1, பப்3 என்ற வேறு இரண்டும் உடன்சேர, நான்கும் ஒரு பூட்டாகின்றன. சிடிசி20 விடுபட்டால்தான் ஏபிசி என்னும் பெரிய புரத எந்திரம் ஓடும்; அது ஓடினால்தான் செக்யூரின் அழியும்; செக்யூரின் அழிந்தால்தான் செப்பரேஸ் என்ற கத்தி உறையிலிருந்து வெளிவந்து கொஹீசினை வெட்டும். கடைசிப் பயணி ஏறும்வரை விசில் ஊதாத கண்டக்டரைப் போல, ஒரே ஒரு கைனட்டோகோர் வெறுமையாக இருந்தாலும் மேட்2 செல் முழுவதையும் நிறுத்திவைக்கும். உயிரியலாளர்கள் இதைச் சோதனைச்சாவடி என்கிறார்கள்.

இந்தச் சாவடியை முதலில் காட்டிக்கொடுத்தது ரொட்டி ஈஸ்ட். 1991இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே வழியில் யோசித்தன. பெனோமில் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் நுண்குழல் இழைகளைக் கலைத்துவிடும். இழை கலைந்த நேரத்தில் ஒழுங்கான ஈஸ்ட் பிரியாமல் காத்திருக்கும். காத்திருக்கத் தெரியாமல் பிரிந்து செத்துப்போகும் ஈஸ்ட்டுகளைப் பொறுக்கியெடுத்தால், காக்கவைக்கும் மரபணு எதுவென்று தெரிந்துவிடும். ரோங் லி, ஆண்ட்ரூ மரே இருவரும் கண்ட மரபணுக்களுக்கு மேட் என்றும், ஆண்ட்ரூ ஹாய்ட்டின் குழு கண்டவற்றுக்கு பப் என்றும் பெயர் வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத குறை என்ற நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வரும் மேட் என்ற சொல்லுக்குப் பைத்தியம் என்று பொருள். மரபியலாளர்களுக்குப் பெயர் வைப்பதில் இப்படி ஒரு குறும்பு உண்டு. மனித செல்லில் மேட்2 இருப்பதை 1996இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ராபர்ட் பெனெஸ்ராவின் ஆய்வகம் காட்டியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் எலிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். மேட்2 மரபணுவின் இரு பிரதிகளும் இல்லாத எலி கருவிலேயே அழிந்துபோனது. ஒரு பிரதி மட்டும் இழந்த எலிகள் பிழைத்தன. ஆனால் வயதான காலத்தில் அவற்றுக்கு நுரையீரல் கட்டிகள் மிகுதியாக வந்தன. காவல் குறைந்தால் கணக்குப் பிசகும், கணக்குப் பிசகினால் நோய் வரும். இதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடிதான்.

கணக்குப் பிசகினால் நோய் என்ற எண்ணமும் பழையதுதான். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பேராசிரியராக இருந்த தியோடர் போவேரி, ஒரே கடல் முள்ளெலி முட்டைக்குள் இரண்டு விந்துகள் புகும்படி செய்து, குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்படுவதையும் அப்படிப் பிறந்த செல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடுவதையும் 1902இல் எழுதினார். 1914இல் அதையே புற்றுக்கட்டிகளுக்கும் பொருத்தி ஒரு சிறு நூல் வெளியிட்டார். மறு ஆண்டே இறந்துபோனார். அவரிடம் இருந்தது நுண்ணோக்கியும் தர்க்கமும் மட்டுமே. இன்று திடக்கட்டிகளை எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் குரோமோசோம் எண்ணிக்கை தவறித்தான் இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றை 1997இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கிரிஸ்டோஃப் லெங்காவரும் பெர்ட் வோகல்ஸ்டைனும் காட்டினார்கள். பெருங்குடல் புற்றுச் செல்கள் பலவற்றில் எண் ஒருமுறை தவறி அங்கேயே நின்றுவிடவில்லை. ஒவ்வொரு பிரிவிலும், ஒரு குரோமோசோமுக்கு நூற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்பில், அது தவறிக்கொண்டே இருந்தது. தவறிய எண் ஒரு நிலை. தவறிக்கொண்டே இருப்பது ஒரு வீதம். இரண்டாவதற்குக் குரோமோசோம் நிலையாமை என்று பெயர். தமிழில் மயானத்தை நினைவூட்டும் சொல்தான், என்ன செய்வது.

ஆனால் மனிதர்களின் கட்டிகளில் தேடியபோது மேட்2 மரபணு பழுதுபட்டிருப்பது அரிதாகவே அகப்பட்டது. பல கட்டிகளில் அது குறையாமல், கூடுதலாகவே இருந்தது. காவல் உடைந்த செல்லைத் தேடிப் போனவர்களுக்குக் காவல் மிகுந்த செல் கிடைத்தது. 2007இல் பெனெஸ்ராவின் ஆய்வகத்தில் ரோசியோ சொட்டியோ இதைச் சோதிக்க ஒரு எலி இனத்தை உருவாக்கினார். டாக்சிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக் கலந்த தீனியைத் தின்றால் அந்த எலியின் செல்களில் மேட்2 மிகுதியாகச் சுரக்கும். தீனியை மாற்றினால் சுரப்பு பழைய நிலைக்கு வந்துவிடும். தீனி தின்ற எலிகளுக்கு நுரையீரலிலும் கல்லீரலிலும் நிணநீர்த் திசுவிலும் கட்டிகள் வந்தன. செல்களுக்குள் பார்த்தால் முழுக் குரோமோசோம்கள் கூடியும் குறைந்தும், சில ஒடிந்தும் கிடந்தன. சில செல்கள் பிரியாமலே நின்று இரட்டிப்புக் குரோமோசோம்களோடு இருந்தன. மிக் என்ற புற்று மரபணு ஏற்கெனவே உள்ள எலிகளில் நிணநீர்ப் புற்று இன்னும் விரைந்து வந்தது. பிறகு தீனியை நிறுத்தினார்கள். கே-ராஸ், மிக் போன்றவற்றால் எலிகளில் எழுந்த கட்டிகள், அந்த மரபணுவை அணைத்ததும் பெரும்பாலும் கரைந்துபோகும். கட்டி அந்தப் புரதத்துக்கு அடிமையாகிவிடுகிறது என்று சொல்வது வழக்கம். மேட்2 தூண்டிய கட்டிகளோ, மேட்2 மிகுதி நின்றபின்பும் கரையாமல் வளர்ந்துகொண்டிருந்தன. சில காலம் மட்டும் மிகுந்திருந்தாலே போதுமானதாக இருந்தது. கட்டி வளர்ந்துகொண்டிருந்த நாளில் அதற்குள் மேட்2வைத் தேடியவருக்கு எந்தத் தடயமும் கிடைத்திருக்காது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியோடு இதை முடித்துவிடலாம் என்று தோன்றும். பழமொழி இங்கே உதவாது, வழியையும் மறைக்கிறது. மேட்2வோடு அதே பூட்டில் அமரும் பப்-ஆர்1ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யான் வான் டர்சன் குழுவினர் அதை எலிகளில் மிகுதியாகச் சுரக்கவைத்து 2013இல் வெளியிட்ட முடிவு நேர்மாறானது: குரோமோசோம் பிசகு குறைந்தது, புற்றுநோயும் குறைந்தது, எலிகள் நலத்தோடு வாழும் காலமும் நீண்டது. ஒரே பூட்டின் இரண்டு உறுப்புகள். ஒன்று மிகுந்தால் காப்பு, மற்றது மிகுந்தால் கேடு. எனவே மிகுதி என்பதே குற்றமில்லை. மேட்2 மிகும்போது மட்டும் எது தடம் மாறுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

விடையின் ஒரு பாதி எளிது. சாவடி அளவுக்கு மீறிப் பிடித்துவைத்தால் செல் பிரிவின் நடுவே நெடுநேரம் நின்றுபோகிறது. அப்படி நின்ற செல்களில் சில இறந்துவிடும். சில, பிரியாமலே நழுவி வெளியேறி, இருமடங்கு குரோமோசோம்களைச் சுமந்துகொண்டு அடுத்த சுற்றுக்குப் போகும். மறு பாதியை 2012இல் டார்ட்மத் கல்லூரியில் லில்லியன் கபேச்சேயும் டுவேன் காம்ப்டனும் காட்டினார்கள். சாவடியில் மேட்2 கேட்பது ஒரே கேள்வி: இழை பிடித்திருக்கிறதா? சரியான பக்கத்திலிருந்து பிடித்திருக்கிறதா என்று அது கேட்பதில்லை. சில நேரங்களில் ஒரே கைனட்டோகோரை இரு முனைகளின் இழைகளும் சேர்ந்து பிடித்துவிடும். இரண்டு தோணியில் கால் வைத்தவன் நிலைதான். சாவடிக்கு அது பிடிபட்ட குரோமோசோம். தடை எதுவும் இராது. இத்தகைய தவறான பிடிகளைத் தளர்த்தி, மீண்டும் தேடவைக்கும் பொறுப்பு ஆரோரா-பி என்ற வேறொரு நொதியினுடையது. மேட்2 மிகுந்த மனித செல்களில் ஆரோரா-பி தனக்குரிய இடத்தில் சரியாக அமரவில்லை; பிடிகள் தளர வேண்டிய நேரத்தில் தளராமல் இறுகிப்போயின. வளையம் வெட்டப்பட்டதும் அந்தக் குரோமோசோம் இரண்டு பக்கமும் இழுபட்டு நடுவில் தங்கி, ஏதோ ஒரு மகள் செல்லுக்குள் தற்செயலாகப் போய்ச் சேர்கிறது. கவனிக்க வேண்டியது, இந்தக் கோளாறுக்கும் மேட்2வின் சாவடி வேலைக்கும் தொடர்பில்லை. காவலன் வாசலில் மிகக் கண்டிப்பாக நிற்கிறான். அதே வேளையில் உள்ளே திருத்துகிறவனின் நாற்காலியைத் தெரியாமல் நகர்த்திவிட்டான்.

ஒரு செல் ஏன் மேட்2வை இவ்வளவு மிகுதியாகச் செய்ய வேண்டும்? மேட்2 மரபணுவை இயக்கும் விசைகளில் ஒன்று இ2எஃப் என்ற புரதத்தின் கையில் இருக்கிறது. செல் பிரியத் தேவையான மரபணுக்களை எழுப்புவது அதன் தொழில். வேண்டாத நேரத்தில் அதைக் கட்டிவைப்பது ஆர்பி. குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா கட்டியில் முதலில் அடையாளம் காணப்பட்டதும், பிறகு எத்தனையோ புற்றுகளில் செயலிழந்து கிடக்கக் கண்டதும் இந்த ஆர்பிதான். 2004இல் பெனெஸ்ராவும் பங்குகொண்ட ஒரு குழு ஆர்பியையும் மேட்2வையும் இணைத்தது: ஆர்பி போனால் இ2எஃப் கட்டவிழும், இ2எஃப் கட்டவிழ்ந்தால் மேட்2 பெருகும், ரெட்டினோபிளாஸ்டோமாவிலும் நியூரோபிளாஸ்டோமாவிலும் மேட்2 உயர்ந்தே இருந்தது. கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் ஈ7 என்ற புரதம் செல்லுக்குள் முதலில் பிடித்து முடக்குவதும் ஆர்பியையே. பிரேக் அறுந்ததால் வேகம் கூடியது என்று பழைய உவமை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். ஆனால் அந்த ஒரே அறுப்பு வேகத்தோடு கணக்குப் பிசகையும் சேர்த்தே கொண்டுவருகிறது. வளர்ச்சி ஒரு நோய், நிலையாமை அதன்மேல் பின்னால் வந்து ஏறும் இன்னொரு நோய் என்று பிரித்துப் பார்ப்பதற்கு இங்கே இடமில்லை.

வலுவான மறுப்பு ஒன்று இந்த இடத்திலேயே எழுகிறது. விரைந்து பிரியும் செல்லில் பிரிவுக்கு வேண்டிய எல்லாப் புரதங்களும் மிகுந்துதான் இருக்கும். திருமண வீட்டில் பாத்திரங்கள் மிகுந்திருப்பதால் பாத்திரங்கள்தான் திருமணத்தை நடத்தின என்று சொல்லலாமா? மேட்2 மிகுதி, கட்டி வேகமாகப் பிரிகிறது என்பதன் வெறும் அடையாளமாக ஏன் இருக்கக்கூடாது? நியாயமான கேள்வி, நோயாளிகளின் திசுவில் எடுத்த அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் வந்தது எதிர்த்திசைச் சோதனையிலிருந்து. ஆர்பி, பி53 பாதைகள் செயலிழந்த செல்களில் மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, மேட்2வின் அளவை மட்டும் வழக்கமான நிலைக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள்; 2011இல் வெளியான அந்த ஆய்வில் குரோமோசோம் பிசகு கணிசமாகக் குறைந்தது. பாத்திரங்களைக் குறைத்ததும் கல்யாணக் கூட்டமே குறைந்தது என்றால், பாத்திரங்கள் வெறும் அடையாளமில்லை. எலிகளில் மேட்2வை மட்டும் கூட்டிக் கட்டி வரவழைத்த சோதனையையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. குரோமோசோம் எண் தவறுவது செல்லுக்கு நன்மையே இல்லை. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆஞ்சலிகா அமோன் ஒரு கூடுதல் குரோமோசோம் உள்ள ஈஸ்ட்டுகளை வரிசையாக உருவாக்கி 2007இல் காட்டியது, அவை எல்லாமே பொதுவாக மெதுவாகப் பிரிகின்றன என்பதுதான். எலி செல்களிலும் அடுத்த ஆண்டு அதே முடிவு. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரேயடியாக ஒன்றரை மடங்கு இயங்கினால் செல்லின் புரதச் சமநிலை குலைந்து திணறும். 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு ரத்தப்புற்று பல மடங்கு மிகுதி என்றாலும், திடக்கட்டிகள் மற்றவர்களைவிடக் குறைவு. இப்படி ஒரு சுமை கட்டிக்கு எப்படி உதவும்? இந்த மறுப்பு, நிலையையும் வீதத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது. டவுன் நோய்க்குறியில் எண் தவறியிருக்கிறது, ஆனால் தவறிக்கொண்டே இருக்கவில்லை; எல்லாச் செல்லும் அதே 47ஐச் சுமக்கிறது. தவறிக்கொண்டே இருக்கும் செல் கூட்டத்திலோ ஒவ்வொரு பிரிவும் ஒரு சீட்டுக் குலுக்கல். பெரும்பாலான சீட்டுகள் நட்டம். செல் சாகும், அல்லது சோர்ந்து கிடக்கும். ஆனால் கட்டியில் செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, நட்டம் அடைந்தவற்றைப் பற்றிக் கட்டிக்குக் கவலையில்லை. இதற்கு மனிதரிடமே சான்று உண்டு. பப்-ஆர்1 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகப் பிறக்கும் குழந்தைகளின் உடலில் செல்லுக்குச் செல் குரோமோசோம் எண் மாறுபடும். 2004இல் விளக்கப்பட்ட இந்த அரிய நோயில் குழந்தைப் பருவத்திலேயே சிறுநீரகக் கட்டியும் தசைப் புற்றும் வருகின்றன.

இருந்தாலும் அமோன் சொன்னதில் விட்டுவிடக்கூடாத உண்மை இருக்கிறது. சான் டியேகோவில் பெத் வீவரும் டான் கிளீவ்லாண்டும் கைனட்டோகோரில் இயங்கும் சென்ப்-ஈ என்ற புரதத்தைப் பாதியாகக் குறைத்த எலிகளில், வயதான காலத்தில் மண்ணீரலிலும் நுரையீரலிலும் கட்டிகள் கூடின, கல்லீரலிலோ குறைந்தன. ஒரே பிசகு ஓரிடத்தில் வளர்க்கிறது, ஓரிடத்தில் தடுக்கிறது. அதே ஆய்வகத்தின் 2013ஆம் ஆண்டுப் பணி இதற்கு ஒரு கணக்குச் சொன்னது: பிசகு மிதமாக இருந்தால் கட்டிக்குச் சாதகம், ஒரு வரம்பை மீறினால் செல்களே தாங்காமல் மடிகின்றன.

வளர்ச்சி வேகத்தை மட்டும் பார்ப்பவர்கள் எதைத் தவறவிடுகிறார்கள் என்பதைச் சொட்டியோவின் 2010ஆம் ஆண்டுச் சோதனையைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் அறியேன். எலியின் நுரையீரலில் பழுதான கே-ராஸ் மரபணுவை டாக்சிசைக்ளினால் இயக்கினால் கட்டி வரும். தீனியை நிறுத்தினால் கே-ராஸ் அணைந்து கட்டி கரையும். எந்த மருந்தும் எட்ட முடியாத முழுமையான சிகிச்சை அது: கட்டியின் மூலகாரணம் வேரோடு நிறுத்தப்படுகிறது. இன்னொரு கூட்டம் எலிகளில் கே-ராஸோடு மேட்2வையும் சேர்த்து இயக்கினார்கள். தீனியை நிறுத்தியதும் இரண்டும் அணைந்தன, இந்தக் கட்டிகளும் அதேபோலக் கரைந்தன. சோதனையை இங்கேயே நிறுத்தியிருந்தால் மேட்2வுக்குச் சிகிச்சையில் எந்தப் பங்கும் இல்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். அவர்கள் காத்திருந்தார்கள். கே-ராஸ் மட்டும் இயங்கிய எலிகளோடு ஒப்பிட்டால், மேட்2வும் இயங்கியிருந்த எலிகளில் கட்டி மிக அதிகமாகத் திரும்பி வந்தது. அதுவும் கே-ராஸும் இல்லாமல், மேட்2வும் இல்லாமல். திரும்பி வந்த கட்டிகளின் குரோமோசோம் கணக்கு வெகுவாகக் கலைந்திருந்தது. வளர்ச்சியைத் தூண்டும் பாதை ஒன்றில்லை. ஒவ்வொரு கட்டியும் வெவ்வேறு பாதையைப் பிடித்திருந்தது. மேட்2 எந்தப் பாதையையும் கைகாட்டிவிடவில்லை. அது சீட்டுகளைக் குலுக்கிவிட்டுப் போயிருந்தது. கே-ராஸ் இல்லாமலும் பிழைக்கக்கூடிய சீட்டு கரையாமல் தங்கிய ஏதோ சில செல்களிடம் இருந்திருக்கிறது.

சொட்டியோ பின்னர் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நடத்திய ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. 2016இல் வெளியான அந்தச் சோதனையில் எலியின் பால்சுரப்பியில் கே-ராஸ் அல்லது ஹெர்2 என்ற புற்று மரபணுவோடு மேட்2வையும் இயக்கியபோது கட்டி வருவது தாமதமாயிற்று. செல்கள் பிரிவின் நடுவே நின்றும் தவறாகப் பிரிந்தும் இறந்துகொண்டிருந்தன. வேகத்தை அளவுகோலாக வைத்தால் மேட்2வைப் புற்றுக்கு எதிரான புரதம் என்றே சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தத் தாமதத்தைக் கடந்து எழுந்த கட்டிகளில் புற்று மரபணுவை அணைத்துப் பார்த்தபோது, மேட்2 உள்ள கட்டிகளில்தான் கரைய மறுத்து வளரும் கிளைகள் கூடுதலாக இருந்தன. மெதுவாக வந்தது, ஆனால் போகத் தெரியாமல் வந்தது.

எலிக்கு மரபணுவைக் கூட்டிச் செய்யும் வேலை மனித நோய்க்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆய்வகத்தில் சுரக்கவைக்கும் மேட்2வின் அளவு கட்டிகளில் இயல்பாகக் காணும் அளவோடு எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. மேட்2வைக் குறித்து இந்த ஐயம் இருக்கட்டும். ஆனால் அது சுட்டிக்காட்டும் விதியை மனிதரிடம் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். லண்டனில் சார்ல்ஸ் ஸ்வாண்டன் தலைமையில் நடக்கும் டிரேசர்எக்ஸ் ஆய்வு, நுரையீரல் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட முதல் 100 நோயாளிகளின் கட்டிகளை ஒரே இடத்தில் எடுக்காமல் பல இடங்களிலிருந்து எடுத்துப் பரிசோதித்து 2017இல் முடிவை வெளியிட்டது. ஒரே கட்டியின் பகுதிகளுக்கிடையே மரபணு எழுத்துப்பிழைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கும் நோய் திரும்புவதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. குரோமோசோம் பிரதிகளின் எண்ணிக்கை எவ்வளவு வேறுபடுகிறது என்பதற்குத் தெரிந்தது: வேறுபாடு மிகுந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் மரணமும் கூடுதல். கே-ராஸின் ஒரு வகைப் பழுதை நேரடியாக அடைக்கும் சோட்டோராசிப் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; பல பத்தாண்டு முயற்சியின் பலன் அது. கட்டி சுருங்குகிறது, பெரும்பாலோரிடம் பின்னர் திரும்புகிறது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் குரோமோசோம்மேல் போட முடியாது. மாறாக, நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்றின் தொடக்கக் கட்டத்தில் செல்களின் குரோமோசோம்கள் ஒரே ஓர் இடமாற்றம் தவிர ஓரளவு ஒழுங்காகவே இருக்கும். அங்கே 2001 முதல் இமாட்டினிப் என்ற மாத்திரை பலரையும் ஆண்டுக்கணக்கில் வாழவைத்திருக்கிறது. நோய் முற்றிக் குரோமோசோம்கள் கலைந்த கட்டத்தில் அதே மாத்திரை அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை.

அப்படியென்றால் மேட்2வை அடைக்கும் மருந்து தேடலாமே என்பது அடுத்த எண்ணமாக வரும். குலுக்கல் முடிந்து சீட்டு கைமாறிய பிறகு குலுக்கியவனைப் பிடிப்பதில் பயன் குறைவு. 2007ஆம் ஆண்டு எலிகளே அதைச் சொல்லிவிட்டன. அதோடு மேட்2 இல்லாமல் நம் நல்ல செல்களும் பிழைக்காது. இதற்கு எதிர்வழியில் இறங்கியிருப்பவர்களின் யோசனை விசித்திரமாகத் தோன்றினாலும் அதில் கணக்கு இருக்கிறது: பிசகைக் குறைக்க வேண்டாம், வரம்பைத் தாண்டும்வரை கூட்டிவிடலாம். பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்து 1992இல் அனுமதி பெற்ற பாக்லிடாக்சல், செல் பிரிவை நிறுத்திக் கொல்கிறது என்றுதான் நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் இருந்தது. வீவர், விஸ்கான்சினுக்குப் போனபின், மார்பகப் புற்று நோயாளிகளின் கட்டிக்குள்ளேயே மருந்தின் அளவை அளந்து 2014இல் காட்டியது வேறு. அங்கே சேரும் மருந்து பிரிவை நிறுத்தப் போதாது. செல்கள் இரண்டு முனைகளுக்குப் பதில் மூன்று நான்கு முனைகளாகப் பிரிந்து, குரோமோசோம்களை வாரியிறைத்து, அதனால் சாகின்றன. ஏற்கெனவே பிசகும் கட்டியை இன்னும் சற்றுத் தள்ளிவிட்டால் அது விழும், ஒழுங்காக இருக்கும் திசு தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் சாவடியின் இன்னொரு உறுப்பான எம்பிஎஸ்1ஐ முடக்கும் மருந்துகளும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டிருக்கின்றன. வரம்புவரை கொண்டுபோய் அதைத் தாண்டாமல் விட்டுவிட்டால், மருந்தே மிதமான பிசகை உண்டாக்கி மேட்2 செய்த வேலையைச் செய்து முடித்திருக்கும். அந்த வரம்பு எல்லாக் கட்டிக்கும் ஒன்றில்லை. மிக் உள்ள நிணநீர்ப் புற்றை விரைவுபடுத்திய அதே மேட்2தான் பால்சுரப்பியில் கட்டியைத் தாமதப்படுத்தியது.